பூங்கா வாசலில் நான் சொன்ன பொய்

செம்பாக்கம் ஏரிக்கரைப் பூங்காவில் தினமும் காலையில் நடப்பவள் நான். மூட்டு வலிக்கு டாக்டர் சொன்னது அது. சென்ற மாதம் ஒரு தலைவர் வருகிறார் என்று பூங்காவை மூன்று நாள் மூடினார்கள். முதல் நாள் வாசலில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கழுத்தில் பாஸ் தொங்க நின்றிருந்தார். பத்து வருடமாக எதிர்வீட்டுக்காரர். "பாஸ் இல்லாதவங்க உள்ள வரக்கூடாது, கிளம்புங்கம்மா" என்று யாரையோ போல விரட்டிவிட்டு, அவர் மட்டும் உள்ளே வாக்கிங் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டர் பையோடு நின்றது. காவலுக்கு இருந்த போலீஸ்காரரிடம், "சார், இந்த வண்டி யாரோடதுன்னே தெரியல, ரொம்ப நேரமா நிக்குது" என்றேன். மோப்ப நாய் வந்தது. செயலாளர் ஓடிவந்தார், வண்டியின் ஆர்.சி. புத்தகம் கையில் இல்லை. அவரையும் வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஆசை தீரப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சற்று நேரத்தில் அவர் மனைவி விமலா அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, தனியா போக பயமா இருக்கு. கூட வாங்களேன்."

மறுக்க முடியவில்லை. ஸ்டேஷனில் அதே போலீஸ்காரர். "வண்டி இவரோடதுதான் சார்" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப காலைல தெரியாதுன்னீங்க? பொய்த் தகவல் குடுத்தா கேஸ் போடலாம், தெரியுமா?"

இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு எல்லாரையும் அனுப்பினார். வழியெல்லாம் விமலா என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கணவரிடம் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் புகாரையும் என் பெயர் போட்டு, முகத்துக்கு நேராகவே கொடுக்கிறேன். வரும் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து நிற்பதும் நான்தான்.