அப்பா சாமியாக இருந்த அறுபது நாள்

எங்கள் வீட்டில் எல்லாக் கிழமையும் ஏதாவது ஒரு சாமிக்குச் சொந்தம். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. நடுவில் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், அமாவாசை. அம்மா உப்பு மூட்டை பிடிக்கும் கொட்டகையில் வேலை முடித்து வந்து, கை வெடிப்பில் புளி எரிய எரிய விளக்கு தேய்ப்பாள். நானும் தங்கச்சியும் பூ கட்டுவோம், வாசல் மெழுகுவோம், பிரசாதத்தைத் தெருவில் கொடுத்துவிட்டு வருவோம். பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனால் டீச்சரிடம் சொல்ல எங்களிடம் எப்போதும் ஒரு விசேஷம் இருக்கும்.

அப்பா கடலோரத்தில் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் மோட்டார் ஆபரேட்டராக இருந்தார். சுனாமியில் அந்தப் பண்ணையின் தொட்டிகளில் மணல் ஏறியது, மோட்டார் ரூம் சுவரோடு போனது. டீ குடிக்க ரோட்டுக்கு வந்திருந்ததால் அப்பா பிழைத்தார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்கும்போது சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அப்பா அதை நம்பினார். ஆறு மாதம் தினமும் சைக்கிளில் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏழாவது மாதம் அந்தக் கேட்டையும் யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வெளியே போவது குறைந்தது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டதும், "இன்னாப்பா, வேலை எதுனா ஆச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்பார்கள். அப்பா டீக்கடையைத் தவிர்க்க ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். வீட்டில் தலை குனிந்தபடியே சாப்பிட்டார். அம்மா எதற்காவது கத்தினால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததாலேயே கோபமாகவும் இருந்தது. நான் அப்போது பத்தாவது.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகை ஒன்றாம் தேதி அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். இதற்கு முன் போட்டதில்லை. மலைக்குப் போகும் பஸ்ஸில் சமைக்க ஆள் வேண்டும் என்று எங்கள் தெருக்கோடியில் இருந்த குருசாமி கூப்பிட்டிருந்தார், அதனால் செலவு அவருடையது. கறுப்பு வேட்டியும் துளசி மணி மாலையுமாக அப்பா கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று "சாமி சரணம்" என்றார்கள். வேலை ஆச்சா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாலை போட்டவரிடம் யார் அதைக் கேட்பார்கள்?

அன்றிலிருந்து அவர் எங்களுக்கும் அப்பா இல்லை, சாமி. அவர் வாயிலும் நாங்கள் எல்லோரும் சாமி. "சாமி, தண்ணி கொண்டாங்க" என்று என்னிடம் கேட்பார். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், பூஜை, சரணம். சாயங்காலம் மறுபடியும் அதே. அம்மா நான்கு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைத்தாள். எனக்குத் தீட்டு வந்தபோது மூன்று நாள் பக்கத்து வீட்டுச் சமையலறையில் படுத்தேன், அரைப் பரீட்சைக்கு அங்கேதான் படித்தேன். யார் வீட்டில் பூஜை என்றாலும் அப்பாவுக்கு முன்வரிசையில் இடம். நன்றாகப் பாடுகிறார் என்று சொன்னார்கள். எங்களுக்கே அது தெரியாது.

ஒரு நாள் நான் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "நீ மூட்டை தூக்கிட்டு வந்து அவருக்குத் தனியா சமைக்கிற. அவரு பஜனை பாடிட்டு வர்றாரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"சாமிய அப்படிப் பேசாத. நாக்கு அழுகிடும்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இந்த ஒரு மாசமாத்தான் உங்கப்பா நிமிந்து நடக்குறாரு. வுடு" என்றாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. கொட்டகையில் கூட வேலை செய்த ஒருத்தியின் தங்கச்சி, பெரிய முதலியார்சாவடிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் கழுவினாள். அங்கே ஜெனரேட்டரும் மோட்டாரும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தாள். மாலை போட்டவரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரப் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தாள்.

மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா வாசல்படிக்குக் கீழே நின்று, "மோட்டாருன்னா அவருக்கு உசுருங்க. சத்தத்த வெச்சே இன்னா ரிப்பேருன்னு சொல்லிடுவாருங்க. நான் வந்து கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாங்க" என்றாள். இதையே மாற்றி மாற்றி நான்கு முறை சொன்னாள். நான்காவது முறை குரல் உடைந்தது. நான் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

புதன்கிழமை கெஸ்ட் ஹவுஸிலிருந்து ஒரு ஆள் டிவிஎஸ் பிப்டியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். "திங்கக்கெழமை வந்து சேந்துடுங்க. தங்குறது, சாப்பாடு எல்லாம் அங்கியே" என்றார்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா பூஜை முடித்து நெற்றி நிறையச் சந்தனத்தோடு இருந்தார். ஒரு வருஷமாக எதற்காகக் காத்திருந்தாரோ அது வாசலில் வந்து நின்றது. அவர் நிதானமாகச் சிரித்தார்.

"கறி மீனு பொழங்குற எடம் சாமி. மாலையோட எப்படித் தங்குறது? மலைக்குப் போயிட்டு தை பொறந்ததும் வர்றேன்னு சொல்லுங்க."

"அதுவரைக்கும் ஜெனரேட்டர யாரு சாமி போடுவா?"

"ஐயப்பன் பாத்துப்பாரு" என்றார் அப்பா.

வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா உள்ளே போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள். சாமியைத் திட்டக் கூடாது. எனக்குத்தான் அந்த மாலையை இழுத்து அறுத்துவிடலாம் போல இருந்தது. பதினைந்து வயதில் அப்படி நினைத்ததற்காகத் தோப்புக்கரணமும் போட்டேன்.

இருமுடி கட்டிய அன்று குடும்பத்தார் எல்லோரும் காலில் விழுந்தோம். அம்மா விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபடி அழுதாள், முதுகு குலுங்கியது. அப்பா குனிந்து, "போதும் சாமி, எழுந்துக்குங்க. நல்லபடியா போயிட்டு வர்றேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் என்ன பக்தி என்றார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பொங்கல் முடிந்து திரும்பினார். குருசாமி கோயிலில் வைத்து மாலையைக் கழற்றினார். மறுநாள் அப்பா பெட்டியிலிருந்து பேண்டை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதலியார்சாவடிக்குக் கிளம்பினார். தை பிறந்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாரே, அவர்கள் காத்திருப்பார்கள் என்று உண்மையாகவே நம்பினார். அம்மா தடுக்கவில்லை. சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"வேற ஆளப் போட்டுட்டாங்க. நீ போய்க் கேட்டியாமே. மேனேஜர் சொன்னாரு. அழுதியாமே."

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மாலையக் கழட்டி வெச்சிட்டுக்கூட போயிருப்பேனே."

"சாமிகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றாள் அம்மா.

அப்பா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். தேய்த்த பேண்ட் நனைந்ததை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் அம்மா இப்போது அவரிடம் கேட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

அந்த மாதம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கியது. மழையில் இளகிய பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குவார்கள், உப்பு விளைவதற்கு முன் செய்யும் முதல் வேலை அது. கொட்டகை ஆட்களையும் அதற்கு அழைப்பார்கள், அப்பா அம்மாவோடு போய் அந்த வரிசையில் நின்றார். மோட்டார் ரூமில் ஷூ போட்டு நின்ற கால் ஒரே வாரத்தில் வெடித்தது. அந்த வருஷம் முழுக்க உப்பளத்து வேலையே செய்தார், மழை இறங்கும்வரை. கூப்பிட்டாலொழிய யாரோடும் பேசமாட்டார்.

அடுத்த கார்த்திகைக்கு முன்னால் குருசாமி வீட்டுக்கு வந்தார். "இந்த வருஷம் ரெண்டாம் மலை. பேரு எழுதிடட்டுமா சாமி?" என்று கேட்டார். அப்பாவை அவர் ஒருவர்தான் இன்னும் சாமி என்று கூப்பிட்டார்.

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "முடியாதுங்க. வேலை இருக்குது" என்றார்.

பாத்தி எல்லாம் மழைத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. அப்பாவுக்கு வேலை எதுவும் இல்லை, அது குருசாமிக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு அவர் போனார். அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.