மதில் பாட்டு

என் மாமா ஆறு வருஷம் பதிலியாக இருந்தார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் வாசலில் தினமும் விடியுமுன் போய் நிற்பார். உள்ளே யாராவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் அவருக்கு அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் தூக்குச்சட்டியோடு திரும்ப வேண்டியதுதான். மாதத்தில் பதினாறு நாள் கிடைத்தால் அது நல்ல மாதம்.

மாமா என்று நான் சொல்வது அத்தையின் கணவரை. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு நடை வந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. "வேலை நிரந்தரமாகட்டும் மாப்ள, பொறவு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர். பன்னிரண்டு என்றும் சொல்வார்கள். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாமா ஞாயிறுதோறும் வந்து குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, எங்கள் வீட்டில் கைநனைக்காமல் போய்விடுவார். அவர் போன பிறகு அத்தையும் சாப்பிட மாட்டாள். அப்பா இருவரையும் கவனிக்காதவர்போல் பேப்பர் படிப்பார்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், எண்பதுகளின் தொடக்கத்தில், இந்த இழுபறிக்கு ஒரு வழி பிறந்தது. அந்த வழி ஒரு சினிமா நடிகரின் உருவத்தில் வந்தது.

நடிகர் என்றால் பழைய நடிகர். ஏழு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷம் போட்டு, மீசை முளைத்ததும் ராஜா வேஷத்துக்கு மாறியவர். நடிகனே சொந்தக் குரலில் பாடியாக வேண்டும் என்றிருந்த காலத்தில் சினிமாவுக்குப் போனார். அப்பாவின் கணக்குப்படி பத்தொன்பது படம். அவற்றில் பதினெட்டை எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசிப் படத்தில், கோட்டை மதில்மேல் தனியாக நின்று அவர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதை மட்டும் முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதில் பாட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மதுரையில் ஒரு சந்துக்குள் குடியிருப்பதை மாமா யாரிடமோ சொல்ல, அது மில் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. முதலாளிக்கு எழுபது வயதுக்கு மேல். மதில் பாட்டு என்றால் உயிர். மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ஆயுத பூஜைக்கு அவரைக் கூட்டிட்டு வா. மேடையில மதில் பாட்டைப் பாட வையி. தீபாவளிக்குள்ள உன் பேரை நிரந்தரத்துல சேத்துருதேன்."

பூஜையன்று நடிகர் காலை பஸ்ஸில் வந்தார். மாமாவுக்கு ராஜபாளையத்தில் இருந்தது ஒரே ஓர் அறை என்பதால், பகல் முழுக்க எங்கள் வீட்டில் தங்கி, சாயங்காலம் மில் காரில் போவதாக ஏற்பாடு. சாயம் பூசிய முடி, கழுத்துப்பட்டி நைந்த பட்டு ஜிப்பா, கடுக்கன் போன காதில் வெறும் ஓட்டை. ஐந்து இட்லி சாப்பிட்டார். அவருக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருப்பது என் வேலை. பிளாஸ்க்கும் கையுமாகப் பின்னாலேயே திரிந்தேன். பத்து மணிவாக்கில் கிணற்றடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, ஒரே சுரத்தைப் பிடித்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். இருபத்தேழு எண்ணும்வரை நடுக்கமில்லாமல் நின்றது. சினிமாக்காரருக்கு மூச்சு இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

மத்தியானம் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, மதில் பாட்டை மட்டும் பாடிருங்க. நான் எங்க வீட்டுக்குப் போகணும்."

விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். குழந்தை அவர் ஜிப்பாப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"வேற பாட்டு பாடுனா ஆகாதாம்மா? நல்ல நல்ல பாட்டா இருக்கு."

"முதலாளிக்கு அதுதான் வேணுமாம்யா."

அவர் குழந்தையின் கையிலிருந்து பொத்தானை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவும் நானும் அவரோடு காரில் போனோம். குழந்தைக்குச் சளி என்று அத்தை வரவில்லை; உண்மையில் பயம். அன்று ஒரு நாள்தான் குடும்பத்தோடு மில்லுக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாழைக்கன்று, எலுமிச்சம்பழம். எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் இடம் ஓய்ந்து கிடந்தது. முற்றத்தில் மேடை. முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் முதலாளி. அவருக்குப் பின்னால் எண்ணூறு பேர் இருக்கும், மடியில் பொரிகடலையோடு. மைக்செட் போட்டிருந்தவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் தன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்.

நடிகர் நான்கு பாட்டுப் பாடினார். எல்லாம் அவருடைய பழைய படப் பாட்டுகள். ஒன்றுக்கும் கை தட்டவில்லை. பொரி மெல்லும் சத்தம் மேடைக்குக் கேட்டது. நான்காவது முடிவதற்குள் "மதில் பாட்டு! மதில் பாட்டு!" என்று பின்னாலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன், "இதெல்லாம் எப்பப் படிச்ச பாட்டு? எங்க அய்யாவுக்கே தெரியாதுல்லா!" என்றான். சிரிப்பு. முதலாளி சிரிக்கவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்தார்.

நடிகர் மைக்கில், "தொண்டை கொஞ்சம் சரியில்லை. மன்னிக்கணும்" என்று சொல்லி இறங்கி, மேடைக்குப் பின்னாலிருந்த பஞ்சு குடோனுக்குள் போனார். மாமா பின்னாலேயே ஓடினார். பிளாஸ்க்கோடு நானும். நாங்கள் இருந்த வரிசையிலிருந்து அப்பா எழுந்திருக்கவில்லை. "நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

குடோனில் கூரைவரைக்கும் பஞ்சுப் பொதி. அவர் ஒரு பொதியில் சாய்ந்து நின்றார். மாமாவின் முகம் வேர்த்து ஒழுகிற்று.

"ஐயா, வெந்நீர் குடிங்க, செத்த நேரம் உக்காருங்க. பொறவு வந்து ரெண்டு வரியாவது பாடிருங்க. உங்க கால்ல விழுதேன்."

"தொண்டை கட்டியிருக்கு தம்பி."

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல மாமா! காலையில கிணத்தடியில பாடுனாரு. இருபத்தேழு எண்ணுற வரைக்கும் நிறுத்தல."

மாமா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எங்க பொழப்புல வெளையாடுதீங்களா?" என்றார். மரியாதை போய்விடுமோ என்று எனக்கே பயமாயிருந்தது.

நடிகர் கோபப்படவில்லை. என் கையிலிருந்து வெந்நீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

"அந்தப் பாட்டுல இருக்கிறது என் குரல் இல்ல தம்பி."

வெளியே "மதில் பாட்டு" என்று தாளம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல நான்தான் பாடினேன். ஒரு வாரம் கழிச்சுப் பட முதலாளி கூப்பிட்டாரு. உங்க பாட்டைத் தூக்கியாச்சு, வேற ஒருத்தர வச்சுப் பாடியாச்சு, நீங்க மதில்ல நின்னு வாயை மட்டும் அசைங்கன்னாரு. அசைச்சேன். படம் நூறு நாள் ஓடுச்சு. அதுக்குப் பொறவு என்னைப் பாடச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல. ஆளும் வேண்டாம்னுட்டாங்க."

மாமா குரலைத் தாழ்த்தி, "அது இங்க யாருக்குத் தெரியும்? நீங்க பாட்டுக்கு உங்க குரல்ல பாடிருங்களேன்" என்றார்.

"பாடலாம். பாடினா என்ன சொல்லுவாங்க? பாவம், வயசாயிருச்சு, குரல் போயிருச்சும்பாங்க. என் குரல் போகல தம்பி. இதுதான் என் குரல்."

குடோன் வாசலில் பாய் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "அண்ணே, சனம் கல்லைத் தேடுது. எங்கிட்ட அந்தப் பாட்டு ரெக்கார்டு பிளேட்டு இருக்கு. மைக்க அமத்திட்டு நான் பிளேட்டப் போடுதேன். ஐயா வந்து நிக்கட்டும், போதும்."

மாமா பதறினார். "அம்புட்டுப் பேரையும் ஏமாத்தவா?"

நடிகர் முதல்முறையாகச் சிரித்தார். "முப்பது வருஷமா ஏமாந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள்தானா கூடிப்போச்சு?" என்று ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "இதுல எனக்குப் பழக்கம் உண்டு பாய், போடுங்க."

"ஒண்ணு சொல்லிருதேன் ஐயா. சரணத்துல ஒரு கீறல் கெடக்கு. சில நேரம் ஊசி பின்னால தாவிரும்."

"எம்புட்டுத் தடவ தாவும்?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

மாமா மேடையேறி, "ஐயாவுக்குத் தொண்டை தெளிஞ்சிருச்சு" என்று அறிவித்தார். நடிகர் மைக் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் நான் குத்தவைத்திருந்தேன். தபேலாக்காரரும் ஆர்மோனியக்காரரும் சும்மா கையை அசைப்பது என்று ஏற்பாடு. ஒலிபெருக்கிக் குழாய்கள் முற்றத்துக் கம்பங்களில் சனத்தைப் பார்த்துக் கட்டியிருந்தன. அதனால் மேடையில் சத்தம் குறைவுதான்.

ஆறேழு வயலின் சேர்ந்து ஆரம்பித்தது. மேடையில் வயலினே இல்லையே என்று எண்ணூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நடிகரின் வாய் அணுவளவும் பிசகாமல் அசைந்தது. மூச்சு வாங்கும் இடத்தில் தோள் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவர் வாயை மட்டும் அசைக்கவில்லை, பாடிக்கொண்டிருந்தார். அணைத்து வைத்த மைக் முன்னால், எனக்கும் தபேலாக்காரருக்கும் மட்டும் எட்டுகிற அளவில்.

சரணம் வந்தது. மாமா திரையை இறுகப் பிடித்தார். இரண்டாவது அடியில் டக்கென்று ஒரு சத்தம். ஊசி தாவி, அடியின் ஆரம்பத்துக்கே போய்விட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். நடிகர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. வலது கையை உயர்த்தி, வித்வான்கள் ஓர் அடியை எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி பாடுவார்களே, அதுபோல அந்த அடியை மீண்டும் பிடித்தார். மறுபடி டக். மறுபடியும் பிடித்தார். முதலாளி "ஆகா" என்றார். கூட்டமும் "ஆகா" என்றது. மூன்றாவது தடவைக்குப் பிறகு பாய் ஊசியைத் தட்டிவிட்டார்போல. பாட்டு மேலே போயிற்று. முடிந்தபோது எழுந்த கைதட்டலில் திரை அதிர்ந்தது.

முதலாளி மேடைக்கே வந்து மாலை போட்டார். "அந்த எடத்துல நின்னு மூணு தடவ பாடுனீங்க பாருங்க, ரெக்கார்டுல இது இல்லயே! இதுக்குத்தான் நேர்ல கேக்கணும்கிறது" என்றார். மாமாவின் தோளைத் தட்டி, அப்பாவின் காதுபட, "திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து பாரு" என்றார். அப்பா மாமாவிடம், "மாப்ள, நாளைக்கு வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். கார்த்திகையில் அத்தை குழந்தையோடு ராஜபாளையம் போனாள்.

நடிகர் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ் நிலையத்தில் அப்பா பழம் வாங்கப் போனபோது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் கீழே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பக்கத்துலதான இருந்த? நான் பாடுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

நான் வகுப்பில் முதல் மாணவன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழக்கம். "மூணு தப்பு" என்றேன். "ஊசி தாவுச்சுல்ல, ரெக்கார்டுல மூணு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சு. நீங்க மூணு தடவையும் மாத்தி மாத்திப் பாடிட்டீங்க."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மூணாவது தடவ?"

"அதுதான் ரொம்பத் தப்பு. மேல போய்ச் சுத்திக் கீழ எறக்கிட்டீங்க."

"எப்படிப் பாடுனேன்? பாடிக் காட்டு."

எனக்கு ஒருமுறை கேட்டால் போதும். பஸ்ஸுக்குக் கீழே நின்று, அவர் எந்த இடத்தில் விலகினார், எப்படி வளைத்தார், எங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்று ஒன்று விடாமல் பாடிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். அப்போதும் நடிகர் கண் திறக்கவில்லை. தன் தப்பைத் தானே உணர்கிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷமாக ஒருவர் பாட்டு வெளியே வராமல் உள்ளேயே கிடந்து வளர்ந்திருக்கும் என்பதோ, வெளியே வந்த அன்றே அதை இன்னொரு வாய் பாடிக் கேட்பது எப்படியிருக்கும் என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

"எங்க தப்புன்னு இப்பப் புரியுதா?" என்று கேட்டேன்.

"நல்லாப் புரியுதுய்யா" என்றார். வண்டி நகர்ந்தது.