இரண்டு பிளக்கும் ஓர் அரிசி மூட்டையும்

மக்களே, ஏற்றம் வரும்போதெல்லாம் உங்கள் அம்மா என் தோளைத் தட்டி, "இறங்கணுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாளே, அதன் கதை இது.

நீங்கள் பிறப்பதற்கு முன், பேச்சிப்பாறையில் உள்ள உங்கள் பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் இருவரும் பைக்கில் போனோம். முந்தின நாள்தான் வண்டியை நானே கழுவித் துடைத்திருந்தேன். சமதளத்தில் ஓடிய வண்டி, ஏற்றத்தில் முதல் கியரிலும் முக்கி நின்றது.

"ஒனக்க கனமாக்கும். கொஞ்சம் இறங்கி நட," என்றேன்.

இறங்கி நடந்தாள். என்னை மட்டும் சுமந்த வண்டி எப்படியோ ஏறிவிட்டது. நான் சொன்னது நிஜம் போலவே ஆகிப்போனது. மேலே வந்தவள், "இனி நிங்களும் நிங்களுக்க வண்டியும். நான் பஸ்ஸுல போய்க்கிடுவேன்," என்றாள். திரும்பும்போது பஸ். அடுத்த வாரம் சுசீந்திரம் கோயிலுக்கும் பஸ். பின்சீட்டு காலியாக ஓட்டுவது எனக்கு என்னவோபோல் இருந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, இந்த இஞ்சினுக்கு ரெண்டு பிளக்காக்கும். ஒண்ணுக்க கேப்பு சும்மா தொங்குது. ஆரு கழத்துனது?"

"நான்தான். கழுவும்போ…"

"பின்ன எப்பிடி ஏத்தம் கேறும்?"

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பு வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போகும். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே எட்டுவதற்குச் சற்று முன்பே பிளக்கிலிருந்து பொறி விழ வேண்டும். தீ பரவ நேரம் வேண்டுமல்லவா? காய்ந்த ஓலைக் குவியலை இரண்டு பக்கமும் கொளுத்தினால் சீக்கிரம் பற்றும். அதுபோல இரண்டு பொறி விழுந்தால் தீ விரைவாகப் பரவும். அந்தக் கணக்கில்தான் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்திருக்கிறார்கள். ஒரு பொறி இல்லாமல் போனால் தீ மெதுவாகப் பரவும்; பிஸ்டன் இறங்கிப் போன பிறகு தள்ளி என்ன பயன்? இழுவை குறையும், பெட்ரோலும் வீண்.

அவர் கேப்பை மாட்டித் தந்ததும், வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன்.

"அப்போ எனக்க கனமில்லே?"

"இல்லே. எனக்க கையாக்கும்."

"சரி, ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தடவ கேறுவேன். பாதியில நின்னா, பொறவு இந்த ஜென்மத்துல இல்லே."

சனிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், பின்சீட்டில் உங்கள் அம்மாவுக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையைக் கட்டினேன். யோசித்து, மேலே இரண்டு தேங்காயும் வைத்தேன். அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அதே ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறினேன். உச்சியில் நிறுத்தி, இரண்டு கேப்பையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மூட்டையோடு திரும்பினேன். மறுநாள் அதே ஏற்றத்தில், பின்சீட்டிலிருந்து உங்கள் அம்மா முதன்முறையாக என் தோளைத் தட்டி, "இறங்கணுமா?" என்று கேட்டாள்.