ஓரகத்தி படிக்க, நான் ஆக்க

என் மருமகள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டுதான் சமைக்கிறாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் அடுப்படியில் நின்றுகொண்டு தானாகச் சிரிக்கிறாள். திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வெங்காயம் கூட நறுக்கவில்லை. என்னடி சமாசாரம் என்று கேட்டால், "ஆடியோ புக் அத்த. யாரோ படிப்பாங்க, நாம வேலை செஞ்சுகினே கேக்கலாம். புதுசா வந்திருக்கு. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்கிறாள்.

புதுசாம்! எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வருஷம் பூராவும் பாக்கெட்டில் விற்கிற பட்டாணியைக் கொட்டிக் கிளறிவிட்டு அதற்குச் சமையல் என்று பேர் வைத்திருப்பவள் எனக்குக் காலம் சொல்கிறாள். மொச்சை எந்த மாசத்தில் காய்க்கும் என்று கேட்டால் போனைத் தடவிப் பார்ப்பாள். நானும் கதை கேட்டுக்கொண்டு சமைத்தவள்தான். எனக்குப் படித்துக் காட்டியது மிஷின் இல்லை, என் ஓரகத்தி. என் கொழுந்தனின் பெண்டாட்டி.

எழுபதுகளின் தொடக்கத்தில் வடக்குப்பட்டுக்கு மூத்த மருமகளாக வந்தேன். கோயில் தெருவில் ஓட்டு வீடு. எங்கள் தெரு முழுக்க மாதா கோயில் ஜனங்கள்தான். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். என் புருஷன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். விடிவதற்குள் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். கொழுந்தன் கொத்தனார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், புண்ணியவான். மிச்சம் இருந்தது மாமியார். வீட்டுக்கே தாசில்தார் அவள்தான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் ஓரகத்தி வந்தாள். வாத்தியார் பெண். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். வீட்டில் அவளை ஒரு கரண்டியைக்கூடத் தொடவிடாமல் வளர்த்திருந்தார்கள். முதல் நாள் அவள் வடித்த சோற்றைக் கோழி கூட யோசித்துத்தான் கொத்தியது. மாமியார் அதை ஒரு மாசம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு மட்டும் அவள் மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவளிடம் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவான். அவள் புருஷனிடம் கேட்ட ஒரே சாமான் அதுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் உலை வற்றிவிடும். ஒரு நாள் அவள் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து உதடு மட்டும் அசையப் படித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே காராமணி தாளித்துக்கொண்டிருந்தேன்.

"வாய வுட்டுத்தான் படியேன், காசா பணமா?" என்றேன்.

"அப்ப அரிசி யாருக்கா களையறது?"

"நான் களைஞ்சுக்கறேன். நீ படி."

இவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். அவள் பங்கு வேலையும் எனக்கு. அவள் வாய் எனக்கு. அன்றைக்கு ஆரம்பித்தது ஒரு தொடர்கதை. மலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு டாக்டரம்மா. அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் ஒரு மழை நாளில் காணாமல் போய்விடுகிறான். செத்தானா, ஓடினானா, ஊருக்கே தெரியாது. அவளோ, வருவான் வருவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். என்னை அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை ஆசையாகக் கேட்டது கிடையாது. சோறு ஆச்சா, தண்ணி இறைத்தாயா, மாட்டைக் கட்டினாயா, அவ்வளவுதான் பேச்சு. அந்த டாக்டரம்மா வந்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

தை மாசத்தில் மொச்சை பிதுக்கும்போது கதை நன்றாக ஓடும். கைக்கு வேலை, காதுக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. மழைக் காலத்தில் ஏரி நிரம்பிக் கெளுத்தி வந்துவிட்டால், சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்பேன். டாக்டரம்மா அழுகிற இடத்தில் முள் குத்தினாலும் தெரியாது. வெயில் காலத்தில் மாங்காய், முருங்கைக்காய், பலாக்கொட்டை மூன்றும் போட்டு ஒரு குழம்பு வைப்பேன் பாருங்கள், இன்றைக்கு இந்தக் கம்பெனி கேன்டீன்களில் சாம்பார் என்று ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர் அதன் கால் தூசுக்கு ஆகாது. அந்தக் குழம்பு கொதித்து அடங்குகிற நேரமும் ஒரு வாரத்துக் கதையும் சரியாக இருக்கும்.

மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. அதிலும் கேலிக்கூத்து என்னவென்றால், அவள் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தாள்!

"நீ ஒரு கேனச்சிறுக்கி. அவ மகாராணி மாரி ஒக்காந்துகினு பேப்பரு படிக்கறா, நீ மாடு மாரி ஒயிக்கற. வெக்கமா இல்ல?"

"அவ படிக்கறா இல்ல அத்த, அதான் எனக்குக் கூலி."

"கூலியா? கத இன்னா வயித்துக்கா போவுது?"

வயிற்றுக்குப் போகாத எதற்கும் விலை இல்லை அவளிடத்தில். ஆனால் படிப்பு ஆரம்பித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்து உட்காருவாள். புடைத்த அரிசியையே திரும்பப் புடைப்பாள். கதை சூடு பிடித்துவிட்டால் உள்ளே வருவாள். "உப்பு பாக்கலாம்னு வந்தேன்" என்பாள். என் சமையலில் உப்புப் பார்க்க அவளுக்கு என்ன அவசியம் வந்தது? காது மட்டும் பாம்புக் காது. மாட்டுக் கொட்டகையில் இருந்துகொண்டே அடுப்படியில் நெய் ஜாடி திறக்கிற சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். கிணற்றடியில் நான் வாய்க்குள் முனகினால்கூட, "இன்னாடி சொன்ன?" என்று குரல் வரும்.

தவக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை முடிந்ததும், தெருவில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு எல்லாருக்கும் கஞ்சி ஊற்றும். பகல் முழுக்க ஒருசந்தி. பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. ஆக்குகிறவளும் ருசி பார்க்கக்கூடாது. உப்பு, காரம் எல்லாம் கைக்கணக்குத்தான். எங்கள் முறை வந்த வெள்ளிக்கிழமை, முதல் நாள் சாயங்காலம் வந்த பத்திரிகை கையில் இருந்தது. கதையில் மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு யாரோ ஒருவனைத் தூக்கி வருகிறார்கள். முகமெல்லாம் கட்டு. டாக்டரம்மா அந்தக் கட்டை அவிழ்க்கப் போகிறாள்.

கஞ்சி பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் உப்புப் போட்டுவிட்டு, மூலையில் இருந்த அம்மியில் துவையல் அரைக்கப் போய்விட்டேன். ஓரகத்தி வாசற்படியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து அண்டா பக்கத்தில் நின்றாள். "நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் உப்பு பாத்துட்டுப் போறேன்" என்றாள். ருசி பார்க்கக் கூடாத நாளில் என்னத்தைப் பார்ப்பது? சும்மா நின்றால் கதை கேட்கிறாள் என்று தெரிந்துவிடுமே! அதனால் உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. கட்டை அவிழ்க்கிறாளே டாக்டரம்மா!

சாயங்காலம் தெருவே வந்து உட்கார்ந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்த ஜனம் ஆசையாக முதல் வாய் குடித்தது. குடித்த வேகத்தில் ஒருவர் எழுந்து போய்த் துப்பினார். குழந்தைகள் அழுதன. "மெரீனா தண்ணிய மொண்டாந்து ஊத்திட்டாங்களா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமியார் நடுவில் நின்று சத்தம் போட்டாள்.

"கத கேட்டுகினே ரெண்டு தபா உப்பு போட்டுட்டா! நான் சொல்லல? இந்தக் கத இந்த வூட்டக் கெடுத்துடும்னு சொல்லல?"

ஓரகத்தி என் முழங்கையைக் கிள்ளினாள். "ரெண்டு தபான்னு அவுங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் காதோடு. தெரியாமல் என்ன! இரண்டாவது கை அவளுடையதுதானே. ஆனால் தெருவே நிற்கிற இடத்தில் மாமியாரைப் பார்த்து அதைக் கேட்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டு பாதி அவிழ்ந்த இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தார்கள், அன்றோடு சத்தமாகப் படிப்பதும் நின்றது. ஈஸ்டர் முடிந்ததும் அடுப்பைப் பிரிப்பது என்று மாமியார் முடிவு செய்தாள். என் புருஷனைக் கேட்டேன். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கு எது சரியாக இல்லாமல் இருந்திருக்கிறது! வீட்டில் ஒழுகுகிற ஓட்டை மூன்று வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத கொழுந்தன், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடுப்படிக்கு நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் வைத்து, மட்டம் பார்த்துப் பூசியும் விட்டான். அந்தப் பக்கத்துக்கு வேறு வாசற்படி. அடுப்பு பிரிந்த வீட்டில் ஒருத்தி அடுப்படிக்கு இன்னொருத்தி போகக் கூடாது, போனால் சண்டை வரும் என்று ஒரு சட்டமும் போட்டாள். பிறகு மாமியார் எந்தப் பக்கம் சாப்பிடுவது என்ற கேள்வி வந்தது. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. தட்டோடு என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். "இனிமேட்டு நிம்மதியா ஆக்கு" என்றாள்.

நிம்மதி! நெஞ்சில் மண் அள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி சோற்றைத் தீய்த்துக்கொண்டே நடுநடுவில் படிப்பாள். அவளுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். கஞ்சி விவகாரத்துக்குப் பிறகு, சத்தமாகப் படித்தால் மறுபடி பழி வருமோ என்ற பயமும் சேர்ந்துவிட்டது. எனக்கு முணுமுணுப்புத்தான் கேட்கும், வார்த்தை கேட்காது. விறகு வெடிக்கிற சத்தத்தில் அதுவும் போய்விடும். கட்டை அவிழ்த்தாளே, உள்ளே இருந்தது அவன்தானா? கிணற்றடியில் கேட்கலாம் என்றால் அந்தப் பாம்புக் காது கூடவே வந்து நிற்கும். அந்த வெயில் காலத்தில் மாங்காய் குழம்பு வைத்தேன். கை வைத்தது, மனசு வைக்கவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதும் இருக்கிறேன்.

ஒரு நாள் மாமியார் சாப்பிட்டுக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா இன்னாடி ஆனா?"

"எந்த டாக்டரம்மா?"

"அதாண்டி, மொகத்துல கட்டு போட்டவன் வந்தானே."

"எனக்கு இன்னா தெரியும்? செவுரு வச்சீங்களே, அந்தச் செவுத்தக் கேளுங்க. தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? கத இன்னா வயித்துக்கா போவுது?"

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. எனக்கு அவ்வளவு திருப்தியான சாப்பாட்டு வேளை அந்த வீட்டில் அதற்கு முன் அமைந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தட்டையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சின்னவ பாவம், தனியா கீறா. இனிமேட்டு அங்க துன்றேன்" என்றாள். வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு அந்த வாசற்படி ஏறினாள். தீய்ந்த சோற்றைத் தின்னவா கிளம்பினாள்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் குழம்புக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஆரம்பித்தது. உடனே கிழவியின் குரல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கேட்டது.

"அந்தக் கட்டு அவுக்கற எடத்துலேந்து கத்திப் படிடீ! எனக்குக் காது மந்தம்!"

நெய் ஜாடிச் சத்தத்தைக் கொட்டகையிலிருந்து பிடிக்கிற காதுக்கு மந்தமாம்! ஓரகத்தி குரலை உயர்த்தினாள். "இன்னும்!" என்றாள் மாமியார். "எனக்குக் கேக்கவே இல்ல. செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படி. ஆங், இப்படி!"

ஒவ்வொரு வார்த்தையும் சுவருக்கு மேலே ஏறி என் அடுப்படியில் வந்து விழுந்தது. நான் அரிவாள்மனையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்குள் இருந்தவன் அவன்தான். ஆனால் அவனுக்கு டாக்டரம்மாவை அடையாளம் தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே குழம்பைக் கூட்டினேன்.

குழம்பு இறங்கியதும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சுவருக்கு மேலே நீட்டினேன். சட்டம் அடுப்படிக்குள் போவதற்குத்தானே, கை போவதற்கு இல்லையே. வாங்கிக்கொண்ட கையில் வளையல் இல்லை, மாமியார் கை. நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"உப்பு சரியா கீது" என்றாள். "ஒரு தபாதான் போட்ட போல."

"ஒருத்தி மட்டும் போட்டா சரியாத்தான் இருக்கும், அத்த."

அந்தப் பக்கம் கிண்ணத்தை விரலால் வழிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதே தாசில்தார் குரல்:

"இன்னாடி என் மூஞ்சியப் பாத்துகினு கீற? படி, சத்தமா!"