செவ்வாயில் ஒரு குதிரைக்காரன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கௌபாய் கதை ஒன்றை எழுதினேன். கௌபாய்களை விண்வெளிக்கு அனுப்பிப் பலரும் புதிதாக எழுதிக்கொண்டிருந்த நேரம். என் கதையில் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒருவன் இயந்திரக் குதிரையில் வந்து, ஆளில்லாத செம்மண் வெளியில் வேலி போட்டு ஊர் அமைக்கிறான். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால், காற்று, தண்ணீர் விவரங்களெல்லாம் சரியாக இருந்தன.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டை கடித்த காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தபடி கேட்டவள், "அந்த வேலிய யாரு போட்டா?" என்றாள்.

"அவன்தான்."

"ஒத்த ஆளாவா? ஆள் கூட்டிட்டு வந்திருப்பானே. அவங்கல்லாம் எங்க தங்குறாங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு கதையைத் திரும்பப் படித்தேன். குதிரையில் இருந்தவன், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர் கைகட்டி நின்ற வெள்ளைக்காரத் துரையாகத் தெரிந்தான். சின்ன வயதிலிருந்து காமிக்ஸ் புத்தகங்களில் அவனைத்தான் ரசித்திருக்கிறேன் என்பது கூச்சமாக இருந்தது.

கதையை மாற்றினேன். வேலி போட விண்கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் தங்க வரிசை அறைகளாக லயம், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு எல்லாம் வந்தன. பக்கத்து ஊரான ஹட்டனில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் படித்தபோது கைதட்டினார்கள். அதன் பிறகு, தமிழ் தெரிந்த ஒரு சிங்கள ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா அந்த எடம் அதுக்கு முந்தி யாரோடது? தோட்டம் வர்றதுக்கு முந்தி இந்த மலையில எங்க ஆளுங்க காட்ட எரிச்சு சேனைப் பயிர் செஞ்சாங்கன்னு வீட்டுல சொல்வாங்க."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "தெரியலீங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"காட்ட வெட்டுனது நம்ம ஆளுங்கதானே," என்றாள். பிறகு, "அது அவங்க நெலம்னா நாம எங்க போறது? இந்த லயத்துக்கே நமக்கு உறுதிப் பத்திரம் இல்ல."

மூன்றாவது முறை எழுதினேன். செவ்வாயில் முன்பே வாழ்ந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறார்கள். அக்கா சொன்னதை ஒரு பெண் அப்படியே சொல்கிறாள். எதிரில் நிற்கும், முன்பே அங்கு வாழ்ந்தவள் என்ன சொல்வாள் என்று எனக்கு எழுத வரவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி ஒரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டார்கள்.

இதழை அந்த ஆசிரியையிடம் கொடுத்து நாளாகிவிட்டது. பார்க்கும்போது சிரிக்கிறார். படித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.