வெறுந்தராசு ஆடக்கூடாது

தராசு பிடித்துப் பிழைக்கிறவன் எவனும் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. என்னோடு தோட்டக் கணக்கு எழுதிப் பாடுபட்ட கிராணிமார்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. மலாயாவில் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். ரப்பர் ஷீட்டை நிறுப்பதும் அதை உலர்த்தும் புகைவீட்டு விறகை அளப்பதும் என் பொறுப்பு. ஆள் குறைப்பு என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எனக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. மனைவி வேறு மாசமாக இருந்தாள். கப்பல் என்ற பேச்சு எழுந்தாலே நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

காவல் கல்

ஸ்டோரில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் ரப்பர். வேலைக்குச் சேர்ந்த அன்று, ரப்பர் தட்டில் ஒரு பழைய குழவிக்கல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதை எடுத்துவிட்டு, முள் நேராக நிற்கிறதா என்று வெறுந்தட்டை ஆட்டிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அவ்வளவுதான், மாணிக்கம் கங்காணி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயது மனிதர். ரப்பர் ஏறும்போதுதான் கல் இறங்க வேண்டுமாம். தட்டு வெறுமையாக ஒரு நொடி கூட ஆடக்கூடாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் அது நின்றுவிட்டது. "வெறுந்தராசு ஆடினா வேல போயிடும் கிராணி ஐயா. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ஆட்டிப் பாத்தாரு. அவர கப்பல் ஏத்திவிட்டுட்டுத்தான் நான் வரேன்."

விறகு மேட்டின் உயரம்

விறகை அளப்பது சுலபம். அடுக்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கினால் போதும். ஒருநாள் நீளமும் அகலமும் முடித்து, உயரம் பார்க்க அளவுகோலை நிமிர்த்தினேன். அடுக்கின் மேலே கோலுக்குச் சமமாக ஒரு நாகம் தலையைத் தூக்கியது.

ஓடியிருப்பேன். ஆனால் ஆபீஸ் ஜன்னலில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அளவை பாதியில் விட்டால் அவர் கத்துவார், விடாவிட்டால் இது கொத்தும். எனக்குத் துரையிடம்தான் பயம் அதிகம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. நிமிர்த்திய கோலை இறக்காமல் அப்படியே நின்றேன். விறகு அடுக்கும் அஞ்சலை அக்கா நிதானமாகச் சொன்னாள்: "அத எறங்கச் சொல்லுங்க, இல்லாட்டி அதோட ஒசரத்தையும் சேத்து எழுதிக்குங்க ஐயா."

சோறு போடும் தட்டு

ஆயுத பூஜை வந்தது. தராசுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். என் தொடைப் பருமனுக்குச் செவ்வந்தியும் மாவிலையும் கட்டிய மாலையைக் கங்காணி ரப்பர் தட்டின் சங்கிலியில் சுற்றினார். நமக்குச் சோறு போடுவது அந்தத் தட்டுதானாம். தானாக உதிரும்வரை மாலையைக் கழற்றக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

மறுநாள் நிறுத்து அனுப்பிய ரப்பரை, மலாக்கா டவுனில் அதை வாங்கும் சீன முதலாளி தவுக்கே தன் தராசில் போட்டுப் பார்த்து, எடை குறைகிறது என்று ஆள் அனுப்பினார். லோரியில் நானே கூடப் போயிருந்தேன். வழியில் ஒரு ஷீட் கூட விழவில்லை. துரை என்னைக் கூப்பிட்டு, கைப்பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ரப்பர் குறையுது, திருடன் இருக்கான். நீ திருடன் பிடிக்கல, நீ கப்பல்."

திருடனுக்குப் பயம்

அடுத்த லோரியிலும் எடை குறைந்தது, ஆனால் முன்னளவுக்கு இல்லை. அதற்கடுத்ததில் அந்த அளவுக்குக்கூட இல்லை. இது என்ன கணக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. திருடுகிறவன் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டா திருடுவான்? சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டால் சூடு என்று சமாளித்தேன். துரைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருப்தியாகச் சொன்னார்: "திருடன் பயப்படுறான். நல்லது. இன்னும் பயம் வேணும்."

ஆடியது

அன்று காலை சங்கிலியைப் பிடித்தபோது காய்ந்த செவ்வந்தி என் கையில் நொறுங்கியது. மாலை சருகாகி, பாதி உடம்புக்கு இளைத்திருந்தது. எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு நிறுவையிலும் மாலையையும் ரப்பராக எண்ணி அனுப்பியிருக்கிறோம். மாலை காயக் காயக் குறைவும் குறைந்திருக்கிறது.

சொன்னால் யார் நம்புவார்கள்? வெறுந்தராசை ஆட்டிக் காட்டினால்தான் உண்டு. கங்காணி கண்ணை மூடிக்கொண்டார், அஞ்சலை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழவிக்கல்லையும் எடைக்கற்களையும் நானே இறக்கினேன். ரப்பர் தட்டு, ஒன்றுமே இல்லாமல், தானாக இறங்கி ஆடியது.

மாலையைக் கழற்ற அப்போதும் கங்காணி விடவில்லை. முள் நேராகும்வரை மறு தட்டில் கூழாங்கற்களைப் போட்டேன். அவற்றுக்கும் அவர் குங்குமம் வைத்துவிட்டார். அன்றைய ரப்பர் டவுனில் சரியாக நின்றது.

ஆனால் தராசு ஆடிவிட்டதே! அந்த வாரக் கடைசியில் துரை பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மனைவியிடம் துணிகளை எடுத்து வை என்று சொல்லிவிட்டு, கங்காணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பங்களா வாசலில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துரையின் முகம் செத்துப்போயிருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி அவரைச் சீமைக்குத் திருப்பி அனுப்புகிறதாம். பெட்டிகளை நிறுத்துக் கொடுக்கத்தான் என்னை அழைத்தாராம். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. திரும்பும் வழியில் கங்காணி மெதுவாகச் சொன்னார்: "நான்தான் சொன்னேன்லா, ஆடினா வேல போகும்னு. யாரு வேலன்னுதான் சொல்லல."

அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதல் வேலையாக வெறுந்தராசை ஆட்டிப் பார்த்துவிடுவேன், துரை பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்து.