ஒண்ணிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்

எங்க வனத்துறை ஆபீஸ்ல அவங்களுக்குப் பேரு சதுரக்கா. சொந்தப் பேரு சம்பளப் பட்டியல்ல இருக்கும், வேற எங்கயும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல. நாலு மரச்சட்டத்தை ஒண்ணா அடிச்சு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்னு ஒரு சதுரம் வச்சிருப்பாங்க. அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு மலை ஏறுவாங்க, தரையில போடுவாங்க, முட்டி போட்டு உக்காந்து அதுக்குள்ள என்ன செடி, எத்தனை செடின்னு எண்ணி எழுதுவாங்க. பதினாலு வருஷமா இதே வேலை. அவங்களை ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பை ஓட்டுறவன் நான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்கதான். ஆபீஸே அக்கான்னு கூப்பிடுதேன்னு நானும் அக்கான்னேன், அவங்க பதிலுக்கு என்னை அண்ணேன்னாங்க. எங்கள்ல யாரு மூத்தவங்கன்னு வெளியாள் கேட்டா தலையைப் பிச்சுக்குவான்.

அக்கா முக்கியமா எண்ணுறது ஒரே செடியைத்தான். பார்த்தீனியம். வேற ஏதோ தேசத்துல இருந்து எப்படியோ வந்து சேர்ந்து, கேக்க நாதியில்லாம பெருகிக்கிட்டே போற செடி. இலை கேரட் இலை மாதிரி, தலையில பொடிப் பொடியா வெள்ளைப் பூ. பாத்தா பாவம்போலத்தான் இருக்கும். தொட்டா அரிப்பு, தூள் மூக்குல ஏறினா தும்மல், அது முளைச்ச இடத்துல புல்லு எந்திரிக்காது. எனக்குச் செடி கொடி மேல பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனா இந்தச் சனியனை மட்டும் மனசார வெறுக்குறேன்.

எங்க மலைச்சரிவுல பன்னிரண்டு இடம் குறிச்சிருக்காங்க. ஒவ்வொரு இடத்துலயும் இரும்புக் கம்பி நட்டு, தலையில நம்பர் எழுதியிருக்கும். ஒண்ணாம் நம்பர் அடிவாரத்துல குப்பைமேட்டுப் பக்கம், அங்க இந்தச் செடி இடுப்பு உயரத்துக்கு நிக்கும். பன்னிரண்டு உச்சியில, ஊத்துப் பக்கம், நல்ல புல்வெளி. ஒன்பது வரைக்கும் ஜீப் போகும், அதுக்கு மேல நடைதான். மாசா மாசம் முதல் வாரம் ஒண்ணுல ஆரம்பிச்சு பன்னிரண்டுல முடிப்போம். நம்பர் போட்டதே வரிசையாப் போறதுக்குத்தானே? பதினாலு வருஷத்துல அதைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்ல, நான் உட்பட.

ஆபீஸ் சுவத்துல மலையோட வரைபடம் ஒண்ணு தொங்கும். செடி இருக்குற நம்பருக்குச் சிவப்பு ஊசி, இல்லாததுக்குப் பச்சை. கீழே அஞ்சும் ஆதியிலிருந்தே சிவப்பு. மிச்சம் ஏழும் பச்சையா இருக்குறதுதான் அக்காவுக்குப் பெருமை. வெளியிலிருந்து யாராவது வந்தா, அந்த உச்சிப் பச்சையைத்தான் முதல்ல காட்டுவாங்க. பெத்த பிள்ளையோட பரீட்சை மார்க்கைக் காட்டுற முகம் இருக்கே, அது வந்துரும்.

மூணு வருஷமாத்தான் நிலைமை மாறிச்சு. ஆறு சிவப்பாச்சு, அடுத்த மழைக்கு ஏழு, அப்புறம் எட்டு, ஒன்பது. இந்த வருஷம் பத்து. பத்தாம் நம்பர்ல முதல் செடியைப் பாத்த அன்னைக்கு அக்கா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. நான் தண்ணி பாட்டிலை நீட்டிட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த மாச அறிக்கையில, காரணம்ங்கிற கட்டத்துல, 'மேல்சரிவில் மேயும் ஆடுகள் மூலம் விதை பரவியிருக்கலாம்'னு அக்கா ஒரு வரி எழுதினாங்க. இருக்கலாம்னுதான் எழுதினாங்க, தீர்மானமா ஒண்ணும் எழுதல.

புதுசா வந்த அதிகாரி அந்த வரியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். கெட்ட மனுஷன் இல்ல, சீக்கிரம் ஏதாவது செஞ்சு காட்டணும்னு துடிச்சவர். மேல்சரிவுல ஆடு மேய்க்க அனுமதி வாங்கியிருந்தது ஒரே ஒரு குடும்பம். குடும்பம்னா என்ன, புருஷன் போன பிறகு ஒத்தையாளா நிக்குற அம்மா ஒண்ணு, அறுபது ஆடு. மூணு மாசத்துக்கு ஆடு ஏறக்கூடாதுன்னு நோட்டீஸ் போச்சு. மூணு மாசம் முடிஞ்சதும் அக்கா கொடுக்குற அறிக்கையைப் பாத்து, அனுமதியை அடியோட ரத்து பண்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். அந்த நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கதான். ஆட்டுக்காரம்மா வாங்கி, மடிச்சு, இடுப்புல செருகிக்கிட்டாங்க. என்னைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. எனக்கு ஏன்னு புரியல.

மூணாவது மாசம் பன்னிரண்டாம் நம்பருக்கு ஏறினோம். அக்கா சதுரத்தைப் போட்டுட்டு அப்படியே பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டாங்க. ஏழு செடி. ரெண்டு பூத்தே போச்சு. மூணு மாசமா அங்க ஒரு ஆட்டுக் குளம்பு படல, புழுக்கைகூட இல்ல. நான் காத்தைத் திட்டினேன், பறவையைத் திட்டினேன். அக்கா எந்திரிச்சு சுத்து முத்தும் நடந்தாங்க, இருவது தப்படி, நாப்பது தப்படி. வேற எங்கயும் ஒரு செடி இல்ல. ஏழும் கம்பியைச் சுத்தி, அவங்க மாசா மாசம் முட்டி போடுற இடத்துல. அப்புறம் மெதுவாத் தன் காலைத் தூக்கி பூட்ஸோட அடியைப் பாத்தாங்க.

அந்த பூட்ஸ் மூணு வருஷம் முன்னால ஆபீஸ் கொடுத்தது. முள்ளு குத்தாதுன்னு நல்ல ஆழமா வரி போட்ட அடி. வரிக்கு வரி களிமண்ணு அப்பியிருந்துச்சு.

ஆபீஸுக்கு வந்ததும் ஜன்னலோரம் மூணு தட்டு வச்சாங்க. ஒண்ணுல பூட்ஸ் மண்ணு, ஒண்ணுல சதுரச் சட்டத்து மூலையில சுரண்டின மண்ணு. மூணாவதுக்கு, பூட்ஸ் வந்த வருஷமே மாட்டின என் டயர்ல மண்ணு வேணும்னாங்க. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. வாரம் தவறாம கழுவுற வண்டி, என் வண்டியை எதுக்கு இதுல இழுக்குறீங்கன்னு கேட்டேன். அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டுப் போய் அவங்களே சுரண்டினாங்க. தினம் தண்ணி தெளிச்சாங்க. இருவது நாள்ல பூட்ஸ் தட்டுல பத்தொன்பது, சட்டத்துல நாலு. என் டயர் தட்டுல முப்பத்தொண்ணு. குட்டிக் குட்டி கேரட் இலை. நான் அந்த ஜன்னல் பக்கமே போகல.

அறிக்கை கொடுக்கிறதுக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் பண்றவர், வாசல் அறைதான் கடை, சுவரெல்லாம் சாவி தொங்கும். அக்கா தரையில காகிதத்தைப் பரப்பி வச்சு எழுதிக்கிட்டிருந்தாங்க. நான் சமர்த்தா ஒரு வழி சொன்னேன். ஆடு போகாமலே செடி வந்திருக்கு, காரணம் தெரியலைன்னு எழுதுங்க, ஆட்டுக்காரம்மாவும் தப்பிச்சுரும், நாமளும் தப்பிச்சுரலாம், யாரு உங்க பூட்ஸைக் கேட்டான்னேன். அவங்க வீட்டுக்காரர் அரத்தைக் கீழ வைக்காமலே, "எழுதலைன்னா வருஷம் பூரா என் உயிரை எடுப்பா. எழுதிட்டுப் போகட்டும் விடுங்க"ன்னார். அக்கா சிரிக்கல.

"சுத்தமான இடத்துல ஆரம்பிச்சு அழுக்கான இடத்துல முடிச்சிருக்கணும் அண்ணே. பன்னிரண்டுல ஏறி ஒண்ணுல இறங்கியிருக்கணும். குப்பைமேட்டுல மிதிச்சுட்டு அதே காலோட ஊத்து வரைக்கும் போயிருக்கேன், மாசம் தவறாம. நானே செஞ்சுட்டு, பழியை ஆடு மேல எழுதியிருக்கேன்."

எனக்கு அவங்க மேல கோபமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

அதிகாரி அறிக்கையை ரெண்டு தடவை படிச்சார். தட்டு மூணையும் மேசை மேல வச்சுப் பாத்தார். இதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினா உங்களை இனிமே மேல் நம்பருக்கு விட மாட்டாங்க, தெரியுமில்லன்னு மெதுவாக் கேட்டார். விட வேணாம் சார், அனுமதியை மட்டும் இன்னைக்கே திருப்பிக் கொடுத்துருங்கன்னாங்க அக்கா. அவரும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆறுக்கு மேல இனிமே வேற ஆளு போகும், உச்சியில இருந்து கீழே இறங்கும், ஒவ்வொரு கம்பிகிட்டயும் பிரஷ் வச்சுக் காலைத் தேய்க்கும்னு உத்தரவாச்சு.

அனுமதிக் காகிதத்தை எடுத்துக்கிட்டு அக்காவும் நானும் ஆட்டுக்காரம்மா வீட்டுக்குப் போனோம். தகரக் கூரை, ஒத்தை அறை, பின்னால பட்டி. பட்டியைப் பாத்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. இருவது ஆடுதான் இருந்துச்சு. மேய இடமில்லாம நாப்பதை வித்துட்டாங்களாம், அதுலயும் பாதி சினை ஆடு. அக்கா காகிதத்தைக் கொடுத்தாங்க. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னாங்க, பூட்ஸ், கம்பி, தட்டு, அந்த வரி, ஒண்ணையும் மறைக்கல. என்னை மன்னிச்சிருங்கம்மான்னாங்க.

"மன்னிச்சா நாப்பது ஆடு நடந்து வருமா?"

அந்தம்மா சத்தம் போட்டெல்லாம் கேக்கல. காகிதத்தைப் பிடிச்சிருந்த கையைத்தான் அக்கா பாத்துக்கிட்டிருந்தாங்க. முழங்கை வரைக்கும் தோல் கறுத்துத் தடிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு தழும்பா இருந்துச்சு. அக்காவோட மணிக்கட்டுலயும் அதே மாதிரி லேசா இருக்கும், பாத்தீங்கன்னா தெரியும். இது என்னம்மான்னு அக்கா கேட்டாங்க.

"உன் செடிதான். மூணு வருஷமாப் புடுங்குறேன். நீ வந்துட்டுப் போன பத்துப் பதினைஞ்சு நாள்ல உன் கம்பியைச் சுத்திக் குஞ்சு குஞ்சா முளைக்கும். பூக்க விட்டா புல்லு போயிரும், என் ஆடு எங்க போகும்? பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டையும் என்னால பாக்க முடிஞ்சுது. கீழ உள்ளதுக்கு எனக்குக் கால் வரல. அப்புறம் மேல ஏறாதன்னு காகிதம் கொடுத்துட்டீங்க."

மூணு வருஷமா அந்த வரைபடத்துல நின்ன பச்சை ஊசி யாரு புண்ணியத்துல நின்னுச்சுன்னு அக்காவுக்கு இப்பதான் தெரிஞ்சுது. ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேட்டாங்க.

"சொன்னேனே. இந்தா நிக்கிறாரே, இவர்கிட்டதான் சொன்னேன்."

சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. அவங்க சொல்லச் சொல்லத்தான் வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னால, ஒன்பதாம் நம்பர்ல வண்டியை நிறுத்திட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அக்கா மேல எண்ணப் போயிருந்தாங்க. இந்தம்மா வந்து கதவைத் தட்டி, உங்க வண்டியும் நீங்களும் வந்து போற இடத்துலதான் அந்தச் செடி வருது, மேடத்துகிட்ட சொல்லுங்கன்னாங்க. தூக்கம் கெட்ட கடுப்பு எனக்கு. என் வண்டியைக் குறை சொன்னதுல மூக்குக்கு மேல கோபம். போய் உன் ஆட்டைப் பாரும்மா, எங்களுக்கு நீ பாடம் எடுக்காதன்னேன். சொல்லிட்டு அடுத்த நிமிஷமே மறந்துட்டேன். மறக்குறது எனக்கு எவ்வளவு சுளுவா இருந்துருக்கு பாருங்க.

அக்கா என்னைத் திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. ஆட்டுக்காரம்மா பட்டிக் கதவைச் சாத்தப் போனாங்க. அக்கா பின்னாலயே போய், இனிமே அளக்குற வேலைக்கு என்னை மேல விட மாட்டாங்கம்மா, லீவு நாள்ல புடுங்க மட்டும் வரட்டுமான்னு கேட்டாங்க.

அந்தம்மா கொக்கியை மாட்டினாங்க. அப்புறம் குனிஞ்சு அக்கா காலைப் பாத்தாங்க, என் காலையும் பாத்தாங்க.

"வெறுங்காலோட வர்றதா இருந்தா வா."

ஞாயித்துக்கிழமை காலையில அக்கா கூப்பிடாமலே நான் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவங்க வந்து ஏறி உக்காந்தாங்க. வண்டியை அடிவாரத்துலயே, தார் ரோட்டு மேலயே நிறுத்தினேன். அக்கா கால்ல கிடந்ததைக் கழட்டி சீட்டுக்கு அடியில தள்ளிட்டு நடக்க ஆரம்பிச்சாங்க. சரளைக்கல்லு குத்துது, ரெண்டு தப்படிக்கு ஒரு தடவை நின்னு நின்னு போறாங்க. நானும் செருப்பைக் கழட்டி வண்டிக்குள்ள போட்டுட்டு, கதவைப் பூட்டிட்டு, பின்னாலயே ஏறினேன்.